அச்சு இறுகும் வரை

வீட்டில் எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடுகிற அவனுக்கு வயது இருபத்தாறு. இப்போது இருப்பது ஒரு ரொட்டிக் கடையின் மாடியில், ஒரே சன்னல் வைத்த அறையில். பக்கத்துக் கட்டிலில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளுக்கு நெற்றியில் தையல். அவனுக்கு மூக்கில் பஞ்சு, வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டு. கட்டின புருஷனை மூச்சடைத்துக் கொல்லப் பார்த்தாள், கூடப் பிறந்தவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுவது அவனுக்குத் தெரியும். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை அத்தான் சொல்ல மாட்டார்.

அத்தான் சிற்பி. கல் இல்லை, மரம் இல்லை. உயிரோடு இருக்கிற உடம்பின் மேல் பிளாஸ்டர் துணியை நனைத்து நனைத்து ஒட்டி, அது இறுகியதும் கழற்றி, அந்த அச்சுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி எடுக்கிற வேலை. கை, தோள், காது, முதுகு, முகம் என்று பன்னிரண்டு வருஷமாக எடுத்திருக்கிறார். முதல் ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே உடம்பு, அக்காவுடையது. துணி ஒட்டுவது மட்டும்தான் அவர். கரைப்பது, ஊற்றுவது, அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுப்பது எல்லாம் அக்கா. முதல் கண்காட்சியில் சுவரில் இரண்டு பெயர் இருந்தது. அடுத்ததில் ஒன்றாகிவிட்டது. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி உன் பேரு என் பேரு" என்றாராம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வார்ப்பை யாரும் திருத்தக் கூடாது. மற்ற சிற்பிகள் மச்சத்தைத் தேய்ப்பார்கள், மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக்குவார்கள். இவரிடம் அது நடக்காது. அச்சில் என்ன விழுந்ததோ அது அப்படியே நிற்க வேண்டும், தோலின் ரேகை உட்பட. 'பொய் சொல்லத் தெரியாத சிற்பி' என்று ஒரு பத்திரிகை எழுதியதைச் சட்டம் போட்டுக் குளியலறைக்கு எதிரே மாட்டியிருந்தார். குளிக்கப் போகிறவர் அதைப் படித்துவிட்டு, அந்தப் பெருமையிலேயே குளிக்காமல் திரும்பி வந்த நாளும் உண்டு என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கக் கூடியவள்தான்.

சின்னவனை இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்கு வரவழைத்ததும் அத்தான்தான். அவனுடைய தங்கும் அனுமதிச் சீட்டில் வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதனால் அவன் வாய்க்குப் பூட்டு, சாவி அத்தான் சட்டைப் பையில். கீழே பட்டறை, மேலே வீடு. பிளாஸ்டர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது மேலே நாற்காலி இழுபடும். நாற்காலிக்குப் பிறகு அத்தான் குரல் வரும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம்தான் அந்தச் சத்தம், நனைந்த மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. சாப்பிடக் கூப்பிட இறங்கி வரும்போது அக்கா உதட்டை மறைத்துக்கொண்டு, "மாடிப்படிடா" என்பாள். அந்த வீட்டு மாடிப்படிக்கு அக்காமேல் இருந்த ஆத்திரம் வேறு எந்த மனுஷருக்கும் இருந்திருக்காது.

அத்தான் உளியை எறிந்த அன்று அவன் நேரில் பார்த்தான். அக்காவின் காதை உரசிக்கொண்டு போய்க் கதவில் குத்தி நின்றது. ஆடிக்கொண்டே நின்றது. அன்றைக்கு அவன் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, அத்தான் அடிக்கிறாரும்மா."

"எந்த ஆம்பளைடா கை நீட்டாம இருக்கான்? உங்கப்பா நீட்டலையா?"

"உளியை எறிஞ்சாரும்மா."

"பட்டுச்சா?"

"படலை."

"அப்புறம் என்ன? உனக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்த மனுஷன்டா. குடும்பம்னா நாலு இருக்கும். நீ நடுவுல பூராதே."

அவன் அக்காவிடமே கேட்டான். வா போயிடலாம், எங்கேயாவது பாத்திரம் கழுவியாவது பிழைக்கலாம் என்றான். அக்கா வாளியைக் கழுவிக்கொண்டே, "கண்காட்சி முடியட்டும்டா" என்றாள்.

"அது முடியற வரைக்கும் நீ உயிரோட இருக்கணுமேக்கா."

"இருந்துதான் தீரணும். நான் இல்லேன்னா யாரு ஊத்துறது?" சிரித்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "ஒவ்வொண்ணும் காயறதுக்குள்ள எவனாவது வாங்கிட்டுப் போயிடுவான்டா. ஒண்ணை இன்னொண்ணோட பக்கத்துல வெச்சு நான் பாத்ததே இல்லை. பன்னிரண்டு வருஷ வேலை. ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ கூப்பிட்ட இடத்துக்கு வர்றேன். சத்தியம்."

அவளை அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு நடுவில் நின்றது இந்தக் கண்காட்சி ஒன்றுதான். அவன் நாட்களைத் தள்ளினான்.

கண்காட்சிக் கூடம் முன்பு நூல் கிடங்காக இருந்த இடம். உயரமான வெள்ளைச் சுவர், சிமெண்டுத் தரை. கூடத்தை நடத்துகிற மேடம் இடுப்பில் சாவிக்கொத்தும் காலில் ஓட்டப்பந்தயக் காலணியுமாக எப்போதும் வேகமாகவே நடப்பார். வாங்கியவர்களிடமிருந்து இரவல் கேட்டு ஒவ்வொரு வார்ப்பாக மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கொண்டுவந்து இறக்கிய லாரிக்காரர் வாய் ஓயாத ஆள்.

"தம்பி, உங்கக்கா இந்த ஊர்ப் பெரிய வீட்டுக்கெல்லாம் துண்டு துண்டா குடி போயிருக்காங்கப்பா. காது ஒரு வீட்ல, காலு ஒரு வீட்ல. இன்னைக்குத்தான் முழுசா ஒரே இடத்துல இறங்குறாங்க."

"மெதுவா இறக்குங்கண்ணே, உடைஞ்சிடும்."

"உடையுமா? உங்கக்காவைத் தூக்கிட்டு வர்ற மாதிரி இல்ல தூக்கிட்டு வர்றேன்!"

அத்தானுக்குப் பேட்டிகள் இருந்தன. அதனால் அடுக்குகிற வேலை அக்காவுக்கும் தம்பிக்கும் வந்தது. எப்படி அடுக்க வேண்டும் என்று மேடமே சொல்லிவிட்டார். "வருஷப்படி வெச்சுடுங்க. முதல்ல எடுத்தது வாசல்கிட்ட, கடைசியா எடுத்தது அந்தக் கோடியில. அவர் எப்படி வளர்ந்தார்னு ஜனங்களுக்குப் புரியணும்."

வெள்ளைப் பீடங்களை நீளமாக நிறுத்தினார்கள். ஒவ்வொன்றாக ஏற்றி முடித்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்தாள். முதல் பீடத்தில் கோத்துக்கொண்ட இரண்டு கைகள், அத்தானுடையதும் அவளுடையதும்.

"இதை எடுக்கறப்ப ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்டா. துணி நழுவிடுச்சு. அதான் மணிக்கட்டுல இந்தச் சுருக்கம்." அதைத் தடவினாள். "அப்ப நல்ல மனுஷன்தான். நீ நம்ப மாட்டே."

அடுத்ததில் முகம் சுளித்தாள். "இது மட்டமான வேலை. அவசரப்பட்டு ஊத்தினேன். பாரு, தோள்பட்டை பூரா காத்துக் குமிழு." அதற்கடுத்த பாதத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். நகக் கண்கள் எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கின்றன என்று அவனுக்குக் காட்டினாள். ஒரு தையற்காரி பழைய சட்டைகளைப் புரட்டிப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டு போனாள். காதுக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றாள். "இதை மாதிரி ஒண்ணு இன்னொருத்தன் எடுத்துக் காட்டட்டும் பாக்கலாம்." அந்தக் காதின் மடல் கீழே பிளந்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

கை வார்ப்புகளில் நான்காவதில் சுண்டுவிரல் நடுவில் திரும்பியிருந்தது. முதல் கையில் அது நேராக இருந்தது. அக்கா தன் இடது கையைத் தூக்கி அந்தப் பிளாஸ்டர் கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிறகு நகர்ந்தாள். முகங்கள் வந்தன. முதல் முகத்தில் மூக்கு நேர்கோடு. அடுத்ததில் மூக்குத்தண்டில் ஒரு முடிச்சு. அதற்கடுத்ததில் முடிச்சு பக்கவாட்டில் போயிருந்தது. கழுத்தெலும்பு இருக்கும் வார்ப்பில் எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. முதுகில் பெல்ட்டுக் கொக்கி அளவுக்கு ஒரு பள்ளம். கோடிக்குப் போய்ச் சேர்ந்தவள் திரும்பி வாசலுக்கு வந்து மறுபடி நடந்தாள். இந்தத் தடவை எதையும் தொடவில்லை.

"நானே ஊத்தினதுதான்டா எல்லாம். ஒவ்வொண்ணும் என் கையாலதான் வெளியே வந்துச்சு. பாக்காம இல்லை. ஒவ்வொரு தடவையும், சரி, இந்த ஒரு தடவைதான்னு நெனச்சேன்." வரிசையைக் கையால் காட்டினாள். "அஞ்சாறு பொம்பளைங்க மாதிரி இருக்குடா. ஒருத்தி மாதிரியே இல்லை."

"போயிடலாம்க்கா. இன்னைக்கே."

"இரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நல்ல வேலைடா. குமிழு வந்த ஒண்ணைத் தவிர எல்லாம் நல்ல வேலை. திறப்பு விழா மட்டும் பாத்துடறேன்."

சாயங்காலம் அத்தான் வந்தார். மேடம் கூடவே நடந்தார். முதல் சில பீடங்கள் வரைக்கும் அத்தான் பேசிக்கொண்டே வந்தார். மௌனம் என்றார், உண்மை என்றார், காலம் என்றார். நான்காவது கைக்கு வந்தபோது பேச்சு நின்றது. அவர் கண் முன்னால் ஓடி, வரிசையின் கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்ததைச் சின்னவன் பார்த்தான்.

"வரிசையா பாக்கறப்ப ஒரு முழு வாழ்க்கையே நடந்து போற மாதிரி இருக்கு சார்" என்றார் மேடம். "ஆமா, இந்த விரல் என்ன ஆச்சு?"

"கதவுல மாட்டிக்கிச்சு."

"காது?"

"தோடு இழுத்துடுச்சு. இவ எப்பவும் பறந்துகிட்டே இருப்பா மேடம்."

மேடம் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. யாரோ கூப்பிட, சாவிக்கொத்து குலுங்க வெளியே போனார். அத்தான் அக்காவின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இருந்த பெட்டி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். சின்னவன் பின்னாலேயே ஓடினான்.

"எவடி இப்படி வரிசையா வெச்சது?"

"மேடம்தான் வருஷப்படி..."

"மேடம் மேடம்னு! என்னைக் கூண்டுல ஏத்திப் பாக்கறியா? ஊரைக் கூட்டிக் காட்டறியா?"

நாளைக்குக் கூட்டம் வரும், முகம் வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் அடித்தார். முடியைப் பிடித்துக் குனிய வைத்து விலாவில் முழங்காலால் இடித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அக்கா கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே வந்தது. சின்னவன் குறுக்கே விழுந்து அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அவனைத் தள்ளினார். விழாமல் இருக்க அவன் கை பக்கத்துப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தது. அத்தான் அந்தப் பெட்டியின் மூடியை அறைந்து சாத்தி, அதன்மேல் முழங்காலை ஊன்றினார். உள்ளே இரண்டு விரல் முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

"இன்னொரு தடவை என்மேல கை வெச்சே, உன் சீட்டைக் கிழிச்சு உன்னை இதே பெட்டியில போட்டு ஆணி அடிச்சு அனுப்பிடுவேன். உங்கம்மா வந்து இறக்கிக்கட்டும்." முழங்காலை எடுத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். அக்காவைப் பார்த்து, கடையில் சாமான் சொல்கிற குரலில் சொன்னார். "காலையில சீக்கிரம் வந்து அந்த விரலு, அந்த மூக்கு, கழுத்து எல்லாத்தையும் அரத்தால தேய்ச்சுச் சமன் பண்ணிடு."

அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "திருத்தக் கூடாதே" என்றாள்.

"நான் சொல்றேன் இல்ல?"

"மாட்டேன்."

சின்னவனுக்குத் தெரிந்து அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அவரிடம் போனது அதுதான் முதல் தடவை. அத்தானுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் யாரிடம் பேசுகிறோம் என்பதுபோல அவளையே பார்த்தார். கை ஓங்கினார். அதற்குள் மேடத்தின் சாவிச் சத்தம் நெருங்கியது. ஓங்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டார். தானே தேய்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அரம் பிடிக்க அவருக்குத் தெரியாது. வார்ப்பை முடிக்கிற வேலையை அவர் கை செய்ததே இல்லை. தொட்டால் மூக்கு மொத்தமாகப் பெயர்ந்து வரும் என்று அவருக்கே தெரியும்.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. நல்ல உடை, மெல்லிய பேச்சு, கையில் கோப்பை. லாரிக்காரர்கூட சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து, "என் சரக்கையெல்லாம் ஒரு தடவை பாக்கணும் இல்ல" என்று ஓரமாக நின்றார். சின்னவனுக்கு விரலில் கட்டு. கேட்டவர்களிடம் பெட்டி விழுந்துவிட்டது என்றான். அக்கா நிமிர்ந்து நிற்க முடியாமல் தூணில் சாய்ந்திருந்தாள். அத்தான் புலியைச் சுட்ட வேட்டைக்காரன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு நடுவில் நின்றார்.

ஒரு பத்திரிகைக்காரி, வயது முப்பதுகூட இருக்காது, வரிசையை இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"சார், வார்ப்பைத் திருத்தவே மாட்டேன்னு சுவர்ல எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. அதுதான் என் தர்மம்."

"அப்ப இந்த மூக்கு மூணு முகத்துல மூணு மாதிரி இருக்கே. அது எப்படி?"

கேட்டது சாதாரணக் குரலில்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் பேச்சு குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் பின்னால் போய் முதல் முகத்தை மறுபடி பார்த்தார். அத்தான் சத்தமாகச் சிரித்தார்.

"பிளாஸ்டர் கனம்மா! ஈரத்துணி அத்தனை ஏறினா எந்த மூக்கும் ஒரு பக்கம் அழுந்தத்தான் செய்யும். எலும்பே வளைஞ்ச மாதிரி விழும். இது தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்படியா? நேரா இருக்கிற மூக்குகூடவா?"

"என் மூக்கு நேரா இருக்கா?" திரும்பி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கோங்க. இப்பவே உக்காரறேன். எடுத்துக் காட்டறேன். என் மூக்கும் வளைஞ்சு வரும், வந்து பாருங்க. ஏய், நாற்காலியைப் போடு!"

அது பொய் என்று அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத் தெரியும். துணி அப்படி அழுத்தாது. அச்சில் அவர் மூக்கு நேராகத்தான் விழும். ஒருவேளை, இறுகுவதற்குள் அழுத்தி வளைத்துவிடு என்று அக்காவுக்குக் கண் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கலாம். காட்டவும் செய்தார். பன்னிரண்டு வருஷமாகச் சொன்னதைச் செய்த கை அது. அதை நம்பித்தான் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அச்சுக்கு முகம் கொடுக்க அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்களா?" என்றாள் அக்கா.

"நான்தான். சீக்கிரம்."

வாளி வந்தது, வெந்நீர் வந்தது, துணிச் சுருள் வந்தது. முதல் வேலை வாஸ்லின் தடவுவது. முடி இருக்கும் இடத்தில் அப்பி அப்பித் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டர் முடியைக் கவ்விக்கொண்டு விடாது. அக்கா நெற்றியில் தடவினாள், கன்னத்தில் தடவினாள், மூக்கில் தடவினாள். புருவத்தையும் மீசையையும் விட்டுவிட்டு டப்பாவை மூடினாள். சின்னவன் பார்த்தான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

மூக்குத் துவாரங்களில் இரண்டு ஸ்ட்ரா. காதில் பஞ்சு. கண்ணிமைமேல் ஈரக் காகிதம். பிறகு துணி, பட்டை பட்டையாக, நெற்றியிலிருந்து கீழே. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்துக் கூட்டம் நெருங்கி வந்தது. இதுவரை இவள் யார் என்றே கேட்காதவர்கள் இப்போது அவளிடம் கேட்டார்கள்.

"அவருக்கு நாம பேசறது கேக்குமா?"

"பாதி கேக்கும். கண்ணு தெரியாது. வாய் திறக்க முடியாது. இறுகும்போது சூடேறும். மூச்சு மட்டும் இந்த ரெண்டு குழல்ல."

"பயமா இருக்காதா?" என்றாள் பத்திரிகைக்காரி.

"பழகிடும்."

"உள்ள இருக்கறவங்க ஏதாவது சொல்லணும்னா?"

"ஒரு விரல் தூக்கினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு விரல் தூக்கினா கழட்டுங்கன்னு அர்த்தம்."

"நீங்க ரெண்டு விரல் தூக்கியிருக்கீங்களா?"

"தூக்குவேன்."

"உடனே கழட்டிடுவாரா?"

"இறுகட்டும்பார்."

யாரோ சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். பத்திரிகைக்காரி சிரிக்கவில்லை. அக்கா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அச்சு நழுவாமல் இருக்க ஒரு கையால் தாடையைத் தாங்கினாள். இன்னொரு கை முன்னால் வந்து மூக்கின்மேல் படிந்தது. பார்ப்பவர்களுக்கு அது பிடித்துக்கொள்கிற கைதான். வாளியோடு பக்கத்தில் நின்ற சின்னவனுக்கு மட்டும் தெரிந்தது. அவள் கட்டைவிரல் இரண்டு ஸ்ட்ராவின் வாயையும் சேர்த்து மூடியிருந்தது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அத்தானின் வயிறு உள்ளே இழுத்தது. இழுத்தபடியே நின்றது. ஒரு விரல் தூக்கினார். உடனே இரண்டு விரல். பிறகு கை முழுவதும் விரிந்து காற்றைப் பிடித்தது. செருப்புக் குதிகால்கள் சிமெண்டில் தட்டின. தொண்டைக்குள்ளிருந்து, பிளாஸ்டருக்குப் பின்னாலிருந்து, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "சூடு தாங்கலை போல" என்றார் ஒருவர். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மேடம் கை தட்டலாமா என்பதுபோல அங்கும் இங்கும் பார்த்தார்.

அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. வாளியில் பிளாஸ்டர் பதம் வந்துவிட்டதா என்று பார்க்கும்போது வருகிற முகம்தான். அத்தானின் கை பின்னால் வந்து அவள் விலாவைத் தேடிக் கண்டுபிடித்து, நேற்று அடித்த இடத்திலேயே நகத்தைப் பதித்தது. அவள் அசையவில்லை. சின்னவன் ஓர் அடி வைத்தால் போதும், கையைத் தட்டிவிடலாம். கால் எழவில்லை. "அக்கா" என்றான், அவனுக்கே கேட்காத குரலில். அவள் அவனைப் பார்த்தாள். அத்தானின் நகம் தளர்ந்தது.

அவள் கட்டைவிரல் எழுந்தது. ஸ்ட்ரா விசில் அடித்துக்கொண்டு காற்றை இழுத்தது. கூட்டம் நிம்மதியில் சிரித்தது. அக்கா குனிந்து, பஞ்சு வைத்த காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: "ஆடாதீங்க."

அவர் ஆடவில்லை. இறுகும் வரைக்கும் ஆடவே இல்லை. இறுகிவிட்டதா என்று அக்கா விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அத்தான் அலறிய அலறலில் கோப்பை ஒன்று கீழே விழுந்தது. அச்சோடு மீசையில் பாதி போய்விட்டது. இடது புருவம் முழுவதும் போய், தோல் உரிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அரை மீசையோடு கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றவரைப் பார்த்து, கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அவர் அக்காவின் கையிலிருந்து அச்சைப் பிடுங்கி, அதன் விளிம்பாலேயே அவள் நெற்றியில் அடித்தார். அச்சு இரண்டாகப் போனது. கையில் மிஞ்சிய துண்டால் மறுபடி அடித்தார். "கொல்லப் பாக்கறியாடி? என்னையா? என்னையாடி?" சின்னவன் அவர்மேல் பாய்ந்தான். அவர் தலையால் முட்டியதில் அவன் மூக்கு நொறுங்கி வாய்க்குள் ரத்தம் வந்தது. அக்கா பீடங்களுக்கு நடுவில் தவழ்ந்தாள். அவர் துரத்தினார். வாசல் பீடத்திலிருந்த கோத்த கைகளைத் தூக்கி அவள்மேல் எறிந்தார். அது குறி தவறி நான்காவது கையில் பட்டு, இரண்டும் பொடியாகின. முகம், தோள், முதுகு என்று பீடம் பீடமாகச் சாய்ந்தது. வெள்ளைத் தூசிக்குள் அவர் அவள் காலைப் பிடித்து இழுத்து, முடியைப் பற்றித் தலையைத் தரையில் மோத ஓங்கினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை போனும் உயர்ந்திருந்தது. வீட்டுக்குள் இருந்தது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

லாரிக்காரர்தான் வந்து அவரைப் பின்னாலிருந்து வளைத்துக் கீழே சாய்த்து, முதுகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பெட்டி மாதிரி கம்முனு கெடங்க சார். லோடு பழக்கம் எனக்கு. எறங்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் நெற்றியைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரம்மா வந்து கேட்டார், எப்படி ஆச்சு என்று. மாடிப்படி என்று சொல்லிவிடுவாளோ என்று சின்னவன் பயந்தான். "அவர் அடிச்சார். பன்னிரண்டு வருஷமா அடிக்கிறார்" என்றாள் அக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நானும் அவர் மூச்சை அடைச்சேன். வேணும்னுதான் அடைச்சேன். அதையும் எழுதிக்கோங்க."

"அதை இப்ப சொல்லணும்னு இல்லம்மா" என்றார் போலீஸ்காரம்மா.

"நடந்தது அதுதானே."

எழுதிக்கொண்டார்கள். அதனால் இப்போது இரண்டு புகார். அவர்மேல் ஒன்று, அவள்மேல் ஒன்று. அத்தான் பக்கத்து ஆட்கள் ஊரில் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் திரும்பி வந்தால் அவர் தன் புகாரை வாங்கிக்கொள்வாராம், பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவாராம். சின்னவனின் சீட்டும் போய்விட்டது. வேறு வேலை கொடுப்பவர் கிடைக்கும் வரை அவனும் எந்த நேரமும் வெளியேற்றப்படலாம். இந்த அறை லாரிக்காரருடைய மச்சினனுடையது.

நேற்று அவன் அக்காவிடம் கேட்டான், "ஏன்க்கா விரலை எடுத்தே?"

"கையை வீசினார் இல்ல, தலை ஆடிச்சு. அச்சு கோணலாயிடும்னு எடுத்தேன்." கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "அப்படித்தான் நெனக்கிறேன்டா. வேற காரணம் இருந்தா எனக்குத் தெரியலை."

மேடம் போன் செய்தார். உடைந்தது உடைந்தபடியே கிடக்கிறது, பெருக்கவில்லை, என்ன செய்யட்டும் என்றார். "அந்தக் காது இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா. இருக்கிறது என்றார் மேடம். "அதைப் பத்திரமா வைங்க மேடம். அது நல்ல வேலை" என்றாள். போனை வைத்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வெகுநேரம் அழுதாள்.

இதை எழுதி ஊருக்கு அனுப்புகிற சின்னவன் நான்தான். வீட்டில் இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அம்மாவுக்கு ஒரு வரிகூட விடாமல் வாசித்துக் காட்டுங்கள், அக்கா விரலை வைத்ததையும் சேர்த்து. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து யாரும் அவளுக்குப் போன் போட்டு, அவரோடு திரும்பிப் போ என்று சொல்ல வேண்டாம்.